ஸ்டான்லி கோப்பை: அந்த ஸ்டான்லி யார்?

#1 பனிப்பொழிவு

டொராண்டோவுக்கு வந்து இது எனக்கு இரண்டாவது குளிர்காலம். பையன் நாலாம் வகுப்பு. நேற்று ராத்திரி சாப்பிட்டுக்கொண்டே, "அப்பா, ஸ்டான்லி கப்ல வர்ற ஸ்டான்லி யாரு? ப்ளேயரா?" என்று கேட்டான். வகுப்பில் ஆளுக்கொரு கேள்வி கொடுத்திருக்கிறார்களாம், இவன் பங்குக்கு வந்தது இது. ஐஸ் ஹாக்கியில் ஜெயிக்கிற அணிக்குக் கொடுக்கிற கோப்பையாம்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட். ரஞ்சி கோப்பை என்றால் ரஞ்சித்சிங்ஜி, துலீப் கோப்பை என்றால் அவருடைய சகோதரர் மகன். அந்த மாதிரி இவரும் பெரிய ஆட்டக்காரராகத்தான் இருப்பார் என்று நினைத்துத் தேடினேன். முதலில் வந்து நின்றது கைப்பிடி வைத்த தண்ணீர் டம்ளர்! அலுவலகத்தில் பாதிப் பேர் தூக்கிக்கொண்டு அலைகிறார்களே, அதேதான். அந்தக் கம்பெனி கொடுத்த கோப்பையா இது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.

#2 கும்பகர்ணன்

நான் இத்தனை நாளாக ஆப்பிரிக்காவில் லிவிங்ஸ்டனைத் தேடிப்போன ஸ்டான்லி என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே வேலை முடிந்ததும் கனடாவில் பனிக்குள் தொலைந்த யாரையாவது தேட வந்திருப்பார் என்று.

#3 நூலகப்பூனை

இரண்டு பேருமே இல்லை. டம்ளர்க்காரர் வில்லியம் ஸ்டான்லி, அமெரிக்கப் பொறியாளர், 1913இல் முழுக்க எஃகிலேயே ஃபிளாஸ்க் செய்தவர். லிவிங்ஸ்டனைத் தேடினவருக்கு ஸ்டான்லி என்பது பிறவிப் பெயரே கிடையாது. வேல்ஸில் பிறந்தபோது ஜான் ரௌலண்ட்ஸ்.

கோப்பைக்காரர் ஃபிரெடெரிக் ஆர்தர் ஸ்டான்லி. 1888 முதல் 1893 வரை கனடாவின் கவர்னர் ஜெனரல். இவருடைய அப்பா பதினான்காம் டெர்பி பிரபு, மூன்று முறை பிரிட்டனின் பிரதமராக இருந்தவர். ஆகவே உங்கள் பையனின் கேள்விக்குப் பதில்: இல்லை, ஆட்டக்காரர் இல்லை. அவர் அந்த ஆட்டத்தை முதன்முதலில் பார்த்ததே 48 வயதில். 1889 பிப்ரவரியில் மாண்ட்ரியலில் குளிர்காலத் திருவிழா நடந்தது, அதில் விக்டோரியாஸ் அணிக்கும் மாண்ட்ரியல் அமெச்சூர் அத்லெடிக் அசோசியேஷன் அணிக்கும் ஆட்டம். ஆடிக்கொண்டிருக்கும்போதே கவர்னர் ஜெனரல் பரிவாரத்தோடு வந்து உட்கார்ந்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான்.

#4 ஸ்காபரோ அண்ணை

பூனை சொன்னது சரி. ஆனால் கதையில் பாதியை விட்டுவிட்டார். பைத்தியம் பிடித்தது தகப்பனுக்கு மட்டும் இல்லை, வீடு முழுக்க. நான் இங்கே வந்து முப்பது வருசத்துக்கு மேல், என்ரை பிள்ளைகள் ஹொக்கி விளையாடித்தான் வளர்ந்தவை. அதனால் சொல்கிறேன்: இந்த நாட்டில் ஹொக்கியை வீட்டுக்குள் கொண்டுவருவது பிள்ளைகள்தான். தகப்பன் காசு மட்டும் குடுப்பார், விடிய நாலு மணிக்குக் கார் ஓட்டுவார். ஸ்ரான்லி வீட்டிலும் அதுதான் நடந்தது.

ஒட்டாவாவில் கவர்னர் ஜெனரல் இருக்கும் றிடோ ஹோலில் பனித்தளம் இருந்தது. அவருடைய மகன்மார் ஆதரும் அல்ஜெர்னனும் சேர்ந்து 'றிடோ றெபல்ஸ்' என்று ஒரு அணி கட்டினார்கள். 1890இல் ஒன்ராறியோ ஹொக்கிச் சங்கம் தொடங்கியபோது அதற்குப் பின்னால் நின்ற ஆட்களில் ஆதரும் ஒருவர். மகள் இசபெல்லும் விளையாடினாள். நீளமான வெள்ளைப் பாவாடையோடு மட்டையைப் பிடித்து நிற்கும் படம் ஒன்று இருக்கு, 1890 வாக்கில் எடுத்தது. பெண்கள் ஹொக்கியின் மிகப் பழைய படங்களில் அதுவும் ஒன்று. தகப்பனை அரித்து அரித்துக் கோப்பை வாங்க வைத்தது இந்தப் பிள்ளைகள்தான்.

#5 இலக்கணப்புலி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அவர் கோப்பை கொடுத்தார், சரி. தன் பெயரைத் தானே வைத்துக்கொண்டாரா? ஊருக்குப் பொதுவாகக் கொடுக்கும் பொருளுக்குத் தன் பெயரைச் சூட்டிக்கொள்வது டியூப்லைட்டில் "உபயம்" என்று எழுதி வெளிச்சத்தை மறைப்பது மாதிரி இருக்கிறதே.

#6 நூலகப்பூனை

நல்ல இடத்தில் கேட்டீர்கள் புலி. அவர் வைத்த பெயர் அது இல்லை.

நடந்தது இதுதான். 1892 மார்ச் 18 அன்று ஒட்டாவாவில் ரசல் ஹவுஸ் ஹோட்டலில் உள்ளூர் விளையாட்டுச் சங்கத்தின் விருந்து. ஸ்டான்லியால் வர முடியவில்லை. அவருடைய உதவியாளர் கில்கர்சி பிரபு (இவரும் றெபல்ஸ் அணியில் ஆடினவர்தான்) எழுந்து ஒரு கடிதத்தைப் படித்தார். கனடாவில் எந்த அணி சாம்பியன் என்று காட்ட ஓர் அடையாளம் இல்லை, வருடா வருடம் ஜெயிக்கிற அணி வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு சவால் கோப்பை இருந்தால் நன்றாக இருக்கும், அதை நானே தருகிறேன் என்பது கடிதத்தின் சாரம்.

அப்புறம் லண்டனில் காலிஸ் என்ற வெள்ளிக்கடையில் பத்து கினி கொடுத்து வாங்கினார்கள். பத்துப் பவுண்டு பத்து ஷில்லிங், அன்றைய கனடிய டாலரில் ஐம்பதுக்கும் கொஞ்சம் குறைவு. வந்தது சின்னதாக ஒரு வெள்ளிக் கும்பா, அவ்வளவுதான். உயரம் 18.5 சென்டிமீட்டர், வாய் அகலம் 29 சென்டிமீட்டர். அதன் ஒரு பக்கம் 'டொமினியன் ஹாக்கி சேலஞ்ச் கப்' என்று பொறித்திருந்தது. அதுதான் அவர் வைத்த பெயர். டொமினியன் என்றால் அன்றைய கனடா. மறுபக்கம் 'ஃப்ரம் ஸ்டான்லி ஆஃப் பிரெஸ்டன்', கூடவே குடும்பச் சின்னம். அதாவது பெயர் ஒரு பக்கம், உபயம் இன்னொரு பக்கம். ஜனங்கள் உபயத்தைப் பெயராக்கிவிட்டார்கள். பத்திரிகைகளும் ஆரம்பத்திலேயே ஸ்டான்லி கப் என்று எழுத ஆரம்பித்துவிட்டன. நான்கு சொல்லைச் சொல்வதைவிட இரண்டு சொல் சுலபம்தானே.

#7 கும்பகர்ணன்

ஆக டியூப்லைட்டே உபயதாரர் பேரில் ஓடுகிறது. புலி, உங்கள் உவமை உங்களையே கடித்துவிட்டது.

#8 பனிப்பொழிவு

அருமை, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஆனால் 'ஸ்டான்லி ஆஃப் பிரெஸ்டன்' என்றால் என்ன? பிரெஸ்டன் யார்? முன்னால் டெர்பி என்றீர்கள். ஒரே ஆளுக்கு எத்தனை பேர்? பையன் இதைத்தான் அடுத்துக் கேட்பான்.

#9 நூலகப்பூனை

பிரெஸ்டன் ஆள் இல்லை, இங்கிலாந்தில் லங்காஷயரில் ஓர் ஊர். அந்தத் தொகுதியிலிருந்துதான் இவர் முதலில் நாடாளுமன்றம் போனார். 1886இல் பிரபு பட்டம் கிடைத்தபோது அந்த ஊரைச் சேர்த்து 'பிரெஸ்டன் ஸ்டான்லி பிரபு' ஆனார். ஸ்டான்லி என்பது குடும்பப் பெயர். டெர்பி என்பது குடும்பத்தின் மூத்த வாரிசுக்கு வருகிற பட்டம், அது அப்போது இவருடைய அண்ணனிடம் இருந்தது.

இனிமேல்தான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. 1893 ஏப்ரல் 21 அன்று அவர் இறந்துபோக, பட்டம் தம்பிக்கு வந்தது. அன்றிலிருந்து இவர் ஸ்டான்லி பிரபு இல்லை, பதினாறாம் டெர்பி பிரபு. கோப்பை முதன்முதலாக ஓர் அணியிடம் கொடுக்கப்பட்டது எப்போது? அதே வருடம் மே மாதம்! கோப்பையை வாங்கிக் கொடுத்த ஸ்டான்லி பிரபு, அதை முதல் அணி கையில் வாங்கும்போது ஸ்டான்லி பிரபுவாகவே இல்லை. அண்ணன் ஒன்றிரண்டு வருடம் முன்னால் போயிருந்தால் வெள்ளியில் 'டெர்பி' என்றுதான் பொறித்திருப்பார்கள்.

#10 கும்பகர்ணன்

டெர்பி கோப்பை என்றால் குதிரைப் பந்தயம் என்றல்லவா நினைத்திருப்போம்.

#11 நூலகப்பூனை

அதுவும் இவர்கள் வீடுதான். எப்சம் டெர்பி பந்தயம் 1780இல் தொடங்கியது, பன்னிரண்டாம் டெர்பி பிரபுவின் பெயரில். கிண்டி வரை பரவிய சொல் அது. ஃபாக்லாந்து தீவுகளின் தலைநகர் ஸ்டான்லியும் இந்தக் குடும்பம்தான், அது கோப்பைக்காரரின் அப்பா பெயர். வான்கூவரில் ஸ்டான்லி பூங்கா இருக்கிறதே, அது இவரே. உலக வரைபடத்தை எடுத்தால் இந்த வீட்டு ரேஷன் கார்டை எடுத்த மாதிரி.

#12 இலக்கணப்புலி

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. கடை லண்டனில், தேர்வு செய்து வாங்கினது உதவியாளர், ஆசைப்பட்டது பிள்ளைகள், ஆடினது யார் யாரோ. அண்ணன் இறந்த கையோடு 1893 ஜூலையில் இவர் கப்பல் ஏறிவிட்டார். கோப்பைக்காக நடந்த ஓர் ஆட்டத்தைக்கூட அவர் பார்க்கவில்லை என்று வாசித்தேன். பத்து கினிக்கு 130 வருடப் புகழ். உலகத்தில் இதைவிட லாபமான முதலீடு உண்டா? பெயர் வைப்பதானால் இசபெல் கோப்பை என்று வைத்திருக்கலாம்.

#13 ஸ்காபரோ அண்ணை

இசபெல் கோப்பையும் இருந்தது தம்பி. வட அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறை லீக் ஒன்று தொடங்கினபோது அந்தக் கோப்பைக்கு அவளின் பேரைத்தான் வைத்தவை. 2016இல் முதலில் வென்றது பொஸ்ரன் அணி.

ஆனால் "காசு மட்டும் குடுத்தார்" என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோப்பையோடு அவர் குடுத்த விதிகளைப் பாருங்கோ. எத்தனை முறை வென்றாலும் அது எந்த அணிக்கும் சொந்தம் ஆகாது. வென்றவர்கள் நல்ல நிலையில் திருப்பித் தரவேண்டும். தங்கடை அணியின் பேரையும் வருசத்தையும் வெள்ளி வளையத்தில் தங்கடை செலவிலேயே பொறிக்கலாம். சண்டை வந்தால் பொறுப்பாளர்கள் இரண்டு பேர், ஷெரிப் சுவீற்லாண்டும் பத்திரிகைக்காரர் பி.டி. றோசும் சொல்வதுதான் முடிவு. அந்தக் காலத்தில் மூன்று முறை வென்றால் கோப்பையை வீட்டுக்கே கொண்டுபோகிற வழக்கம் பல விளையாட்டுகளில் இருந்தது. இவர் அப்படி விட்டிருந்தால் பத்து வருசத்துக்குள் யாராவது ஒருவரின் வரவேற்பறையில் பூச்சாடியாய்ப் போயிருக்கும்.

சண்டையும் முதல் வருசமே வந்தது. 1893இல் வென்றது மொன்றியல் ஹொக்கிக் கிளப். ஆனால் கோப்பையைக் குடுத்தது அந்தக் கிளப் சேர்ந்திருந்த பெரிய சங்கத்திடம். ஹொக்கிக்காரருக்குக் கோபம், "எங்களிடம் கேட்கவே இல்லையே" என்று. சங்கம் வளையத்தில் தன் பேரையே பொறித்துவிட்டது. 1894இல் அதே கிளப் ஒட்டாவாவை 3-1 என்று வென்றபோது வளையத்தில் வெறும் 'மொன்றியல்' என்று மட்டும் போட்டார்கள். இன்றைக்கும் இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருக்கு. குடும்பச் சண்டை வெள்ளியில் பதிந்துபோச்சு.

#14 பனிப்பொழிவு

அண்ணா, அந்தப் பழைய கும்பா இப்போது எங்கே? டிவியில் காட்டுவது ஆள் உயரத்துக்கு இருக்கிறதே.

#15 ஸ்காபரோ அண்ணை

ஆள் உயரம் இல்லை, இடுப்பு உயரம். 89 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், பதினைந்தரைக் கிலோ. டிவியில் வருவது 1963இல் மொன்றியலில் கார்ல் பீற்றர்சன் என்ற வெள்ளித்தட்டார் செய்தது. மூலக் கும்பா உடையிற மாதிரி ஆனதால் அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள். உங்கடை ரொறன்ரோவிலேயே யங் வீதியும் புறொன்ற் வீதியும் சந்திக்கும் மூலையில் பழைய வங்கிக் கட்டிடம் ஒன்று இருக்கு. அதில்தான் ஹொக்கி ஹோல் ஒவ் பேம் என்ற அருங்காட்சியகம். அந்த வங்கியின் பெட்டக அறைக்குள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது மூலக் கும்பா. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் முதல்முறை பார்த்தபோது ஏமாற்றமாத்தான் இருந்தது. இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று. வெளுத்துப்போய், மெல்லிசா, வீட்டில் பால் காய்ச்சிற பாத்திரம் அளவு. பத்து நிமிசம் நின்றபிறகுதான் விட்டு வர மனம் வரேல்லை.

கழற்றின வளையங்களும் அங்கேதான் இருக்கு. கோப்பையில் ஐந்து பெரிய வளையம், ஒவ்வொன்றிலும் பதின்மூன்று அணி. நிரம்பினால் மேலே இருப்பதைக் கழற்றிவிட்டுக் கீழே புதுசு போடுவார்கள். 2018இல் 1954 முதல் 1965 வரைக்குமான வளையத்தைக் கழற்றினபோது மொறிஸ் றிஷார், கோர்டி ஹோ பேரெல்லாம் கோப்பையில் இருந்து போய்விட்டது. அவ்வளவு பெரிய ஆட்டக்காரர்கள்! மேலே மூலக் கும்பாவின் நகல் மட்டும் அப்படியே இருக்கும். அதாவது வென்றவன் பேர் ஐம்பது அறுபது வருசம், குடுத்தவர் பேர் எப்போதும். இதைப் பற்றிப் புலி கோபப்பட்டால் நானும் கூட நிற்பன்.

#16 இலக்கணப்புலி

கோபப்படுகிறேன், பதிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் பொறிக்கிறவர்கள் ஒழுங்காகப் பொறிக்கிறார்களா?

#17 நூலகப்பூனை

புலிக்கு விருந்து. 1972இல் பாஸ்டன் ஜெயித்தபோது 'பாஸ்டன்' என்பதில் வரும் இரண்டு 'ஓ' எழுத்துக்கும் 'க்யூ' அடித்துவிட்டார்கள். 1963இல் மேப்பிள் லீஃப்ஸ் பெயரில் 'எஃப்' இருக்கவேண்டிய இடத்தில் 'ஈ'. 1981இல் ஐலண்டர்ஸ் பெயரில் ஓர் எழுத்தே காணோம். 1984இல் எட்மண்டன் அணியின் முதலாளி தன் அப்பா பெயரை நைசாகச் சேர்த்துவிட, கண்டுபிடித்து அதன்மேல் வரிசையாக 'எக்ஸ்' குறி போட்டு அடித்தார்கள். நம் ஊர் வாக்காளர் பட்டியலுக்குக் கொஞ்சமும் குறைவில்லை.

வென்றவரே இல்லாத வருடமும் உண்டு. 1919இல் சியாட்டிலுக்கும் மாண்ட்ரியல் கனடியன்ஸுக்கும் இறுதித் தொடர் நடக்கும்போது ஸ்பானிஷ் ஃப்ளூ, ஆட்டக்காரர்கள் படுத்துவிட்டார்கள், ஜோ ஹால் இறந்தே போனார். தொடர் முடியவில்லை என்று பொறித்திருக்கிறது. 2005இல் சம்பளத் தகராறில் சீசனே நடக்கவில்லை, அதையும் பொறித்தார்கள். அந்த நேரத்தில் ஒண்டாரியோவில் சும்மா பொழுதுபோக்குக்கு ஆடுகிற ஒரு கோஷ்டி, ஸ்டான்லி இதை என்.ஹெச்.எல் என்ற தொழில்முறை லீக்குக்கா கொடுத்தார், ஊருக்கல்லவா கொடுத்தார் என்று கோர்ட்டுக்கே போனது. 2006இல் சமரசம்: என்.ஹெச்.எல் கோப்பையைக் கொடுக்காத வருடத்தில் பொறுப்பாளர்கள் விரும்பினால் வேறு அணிக்குத் தரலாம். 1892 கடிதம் இன்னும் செல்லும் என்று அர்த்தம்.

#18 மேட்டூரான்

இந்த இழையைச் சும்மா மேய்ந்துகொண்டு வந்தேன். ஐஸ் ஹாக்கிக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை, எங்கள் ஊர் வெயிலுக்கு ஐஸே நிற்காது. ஒரே ஒரு சந்தேகம். மேட்டூர் அணையின் அதிகாரப்பூர்வப் பெயர் ஸ்டான்லி நீர்த்தேக்கம். இதுவும் அந்த வீட்டு ரேஷன் கார்டில் வருமா?

#19 நூலகப்பூனை

வரும். இதை எழுதும்போது எனக்கே கை பரபரக்கிறது. 1929 முதல் 1934 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் சர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டான்லி. கோப்பை கொடுத்த ஃபிரெடெரிக் ஆர்தர் ஸ்டான்லியின் மகன். இசபெல்லின் அண்ணன்களில் ஒருவர். 1925இல் தொடங்கிய அணை 1934இல் முடிந்து, ஆகஸ்ட் 21 அன்று இவர் காலத்தில் திறக்கப்பட்டது. அதனால் ஸ்டான்லி நீர்த்தேக்கம்.

#20 இலக்கணப்புலி

ஸ்டான்லி என்ற பெயர் இங்கிலாந்தில் நம் ஊர் முருகன் மாதிரி. பெயர் ஒன்றாக இருந்தால் உறவு என்று முடிவு கட்டலாமா? டம்ளரில் ஏற்கெனவே ஒருமுறை வழுக்கினோம்.

#21 நூலகப்பூனை

கேட்கவேண்டிய கேள்விதான். ஜார்ஜ் பிறந்தது 1872. பெற்றோர் ஃபிரெடெரிக் ஸ்டான்லி, கான்ஸ்டன்ஸ் வில்லியர்ஸ். கோப்பைக்காரரின் மனைவியும் அதே கான்ஸ்டன்ஸ்தான். அப்பா கனடாவுக்குக் கிளம்பும்போது பையனுக்கு வயது பதினைந்து. இதில் வழுக்க இடமில்லை.

இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 1934இல் வைஸ்ராய் வில்லிங்டன் விடுப்பில் போனபோது பொறுப்பு வைஸ்ராயாக இருந்தவர் இந்த ஜார்ஜ். வில்லிங்டனோ முதலில் பம்பாய் கவர்னர், அடுத்து சென்னை கவர்னர், பிறகு கனடாவின் கவர்னர் ஜெனரல், அப்புறம் வைஸ்ராய். கனடாவில் கோல்ஃபுக்கு வில்லிங்டன் கோப்பை வைத்துவிட்டு வந்தவர். பதவி மாறும்போது கோப்பை வைப்பது அவர்களுக்கு ஒரு வியாதி. கிரே, மிண்டோ, பிங் சீமாட்டி என்று கனடாவில் பட்டியல் நீளும்.

#22 ராயபுரம் ரயிலடி

அப்படியென்றால் எங்கள் ஸ்டான்லி ஆஸ்பத்திரி? ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி? அதுவும் கவர்னர் ஸ்டான்லிதானே! நான் பிறந்ததே அங்கேதான். எங்கள் ஆயா கடைசிவரை "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றுதான் சொன்னது, ஸ்டான்லி என்ற சொல் அது வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றின இடம், அதனால் அந்தப் பெயர். கனடாவில் ஜனங்கள் சர்க்கார் பெயரை விட்டு ஸ்டான்லியைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் ஏரியாவில் ஸ்டான்லியை விட்டுக் கஞ்சித்தொட்டியைப் பிடித்துக்கொண்டார்கள்.

#23 மேட்டூரான்

எங்கள் ஊரிலும் அப்படித்தான். ஸ்டான்லி என்று சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் திட்டம் போட்ட பொறியாளர் எல்லிஸ் பெயர் உபரிநீர்ப் போக்கிக்கு இருக்கிறது, அதையும் நாங்கள் பதினாறு கண் மதகு என்றுதான் சொல்வோம். 120 அடி நிரம்பி அந்தப் பதினாறு கண்ணும் திறந்தால் சேலத்திலிருந்து பஸ் பிடித்து வருவார்கள் பார்க்க. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தது, அந்தச் சாரல் முகத்தில் அடித்தது, இன்னும் நினைவிருக்கிறது. அந்தத் தண்ணீருக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் ஒரே வீட்டு முகவரி என்பது இன்றைக்குத்தான் தெரியும்.

#24 கும்பகர்ணன்

அப்பா தண்ணீரை உறையவைத்து விளையாடினவர்களுக்குப் பெயர் கொடுத்தார். மகன் தேக்கிவைத்த தண்ணீருக்குக் கொடுத்தார். தூங்கப் போகிறேன், இதற்குமேல் தாங்காது.

#25 பனிப்பொழிவு

வியாழன் இரவு அப்டேட். பையன் ஒரு பக்கம் எழுதிவிட்டான். கோப்பையின் நிஜப் பெயர் வேறு என்பதை முதல் வரியிலேயே போட்டிருக்கிறான், அது அவனுக்கு ஏதோ ரகசியம் கண்டுபிடித்த மாதிரி. கடைசிப் பத்தியில் மேட்டூர் அணையும் வந்துவிட்டது, தாத்தா ஊர் ஈரோடு என்பதால். டீச்சர் நம்புவாரா தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த வங்கிக் கட்டிடத்துக்குப் போகிறோம். அண்ணா, நீங்களும் வந்தால் சந்தோஷம்.

#26 ஸ்காபரோ அண்ணை

வாறன். பத்து மணிக்கு யூனியன் ஸ்ரேஷன் வாசலில் நில்லுங்கோ. பிள்ளைக்கு டிம் ஹோர்ற்றன்ஸில் டோனற் நான் வாங்கித் தருவன். அந்த டிம் ஹோர்ற்றன் ஹொக்கி ஆட்டக்காரர் என்பதாவது அவனுக்குத் தெரியுமோ?

#27 மேட்டூரான்

நானும் ஞாயிறு அணைப் பக்கம் போகிறேன். கல்வெட்டு எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துப் படம் போடுகிறேன்.

#28 இலக்கணப்புலி

எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.